மாடியில் மாட்டிய மாப்பிள்ளை

"மாப்ளே! நீங்க இன்னா இங்க?"

மாமனாரின் குரல் கேட்டதும் பெஞ்சிலிருந்து துள்ளி எழுந்த பிரேம்நாத், "அம்மா!" என்று முனகி மறுபடியும் உட்கார்ந்தான். காஞ்சிபுரத்தில் இத்தனை கிளினிக் இருக்க, பட்டுக்கடை மாடியில் இருக்கும் இதை அவன் தேடிப்பிடித்ததே, யார் பார்த்தாலும் புடவை எடுக்க வந்ததாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான். ஆனால் சிறுநீரக டாக்டரின் போர்டுக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியாது.

"ஃப்ரெண்டுக்குக் கிட்னில கல்லு மாமா. துணைக்கு வந்தேன். நீங்க?"

"கீழ உங்க அத்தைக்குப் பொடவ பாத்துக்கினு இருந்தேன். நீங்க மாடி ஏறுறது தெரிஞ்சுது," என்றார் பரசுராமன். "ஃப்ரெண்டு எங்க?"

அவன் யோசிப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், திருவிழா மைக் மாதிரி வந்தது. "விரை வீக்கம் பிரேம்நாத் யாருப்பா? ரிப்போர்ட் வந்துடுச்சு, உள்ள போங்க!"

காத்திருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பரசுராமனின் முகம் சிவந்தது. "கல்யாணமாகி ஆறு மாசங்கூட ஆவல. எங்க போயி வாங்கிக்கினு வந்தீங்க? என் பொண்ணு சந்தியா கதி இன்னாவுறது?"

"சத்தியமா நான் எங்கயும் போவல மாமா!"

"அத டாக்டர் சொல்லட்டும்!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

டாக்டர் ஆனந்தராஜ் ரிப்போர்ட்டை இரண்டு தரம் படித்தார். "நல்லா இருக்கிற ஆம்பளைக்கு அங்க வீங்கிச்சுன்னா நான் கேக்குற கேள்வியே வேற. ஆனா உங்க ரத்தத்துல இருக்கிறது புரூசெல்லான்னு ஒரு கிருமி. அபூர்வமாத்தான் அந்த எடத்துக்குப் போகும். பொம்பள சகவாசத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. ஆடு மாடுகிட்ட இருந்து வர்றது. பச்சைப் பால் குடிப்பீங்களா?"

பிரேம்நாத் மெல்லத் தலையைத் திருப்பி மாமனாரைப் பார்த்தான்.

கல்யாணமான மறுவாரமே தன் ஐயம்பேட்டை வீட்டில் ஆடு வாங்கிக் கட்டி, 'காய்ச்சினா சத்து பூடும் மாப்ளே, அப்டியே குடிங்க, சீக்கிரம் பேரன் வரணும்' என்று தினமும் தானும் ஒரு தம்ளர் குடித்துவிட்டு, பைக்கில் பால் கொண்டுவந்து கொடுத்தவர் அவர்தான்.

"நல்லதுக்குத்தான்..." என்று இழுத்தார் பரசுராமன்.

பிரேம்நாத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் வலித்தது, வலித்தாலும் நிற்கவில்லை. டாக்டரும் சேர்ந்து சிரித்துவிட்டார். "ஆறு வாரம் விடாம மாத்திரை போடுங்க, சரியாயிடும்."

"என்னப் போயி சந்தேகப்பட்டீங்களே மாமா!"

"தப்புதான் மாப்ளே. சந்தியாகிட்ட சொல்லிப்புடாதீங்க," என்று அவர் கெஞ்சிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. ஸ்கேன் அறை நர்ஸ் கலாவதி கையில் சீட்டோடு நின்றாள்.

"இங்க இருக்கீங்களா பரசுராமன் ஐயா? காலைல டோக்கன் போட்டுட்டு எங்க போயிட்டீங்க? வாங்க, ஸ்கேன் எடுக்கணும். உங்களுக்கு வீக்கம் ரெண்டு பக்கமும்தானே?"