கேட்டுக்கு அந்தப் பக்கம்

ரயில்வே கேட்டை மூடியதும் வண்டிகளெல்லாம் நின்றன. ஹெல்மெட் போட்ட ஒருவர் மட்டும் பைக்கைச் சாய்த்து, கம்பிக்கு அடியில் நுழைத்து, தண்டவாளத்தைத் தாண்டி ஓடினார்.

"பார்த்தீங்களாக்கா? உயிரைக் கூடப் பார்க்காம ஓடுறாருன்னா, அங்கே ஏதோ பெருசா இருக்கு!" என்றது செவலை என்கிற இளம் வெள்ளாடு.

"எது இருந்தாலும் ரயில் போன பிறகும் இருக்கும்டி," என்று அசைபோட்டது பூரணி எருமை.

"இப்படி நின்னு நின்னுதான் நமக்கு ஒண்ணுமே கிடைக்கல! நியாயமா சொல்லுங்க, காரணமில்லாம யாராவது இப்படி ஓடுவாங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் செவலை பாய்ந்தது. ரயிலின் ஊதல் காதைப் பிளந்தது. அனல்காற்று வால் நுனியை உரசியது. அந்தப் பக்கம் போய்த் தொப்பென்று விழுந்தது.

எழுந்து தேடினால், அந்த மனிதர் டீக்கடை வாசலில் சாவகாசமாக டீயை உறிஞ்சியபடி, போகிற ரயிலை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்!

செவலைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடைப் பூனையைப் பிடித்துக்கொண்டது. "இதுக்கா இந்த ஓட்டம்? ரயிலை அங்கே நின்னே பார்த்திருக்கலாமே!"

"பார்க்கலாம்தான்," என்றது பூனை. "ஆனா இங்கே நின்னாத்தானே, அங்கே நிக்கிறவங்களையும் சேர்த்துப் பார்க்க முடியும்?"

"இதென்ன அநியாயம்! வெட்கமா இல்லையா இவங்களுக்கு?"

இன்னும் நிறைய கேட்டிருக்கும். அதற்குள் கடைசிப் பெட்டியும் கடந்துபோனது. கம்பிக்கு அப்பால் பூரணி அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

"பாவம், இந்த அக்கா எப்பவுமே லேட்டு," என்றது செவலை.