கல்சோமின் உயரமான வீடு

மலேசியாவின் கிளந்தான் ஆற்றோரத்தில், விதவை கல்சோம் பனை உயரத்துக்குக் கால்கள் நட்டு மர வீடு கட்டியபோது ஊரே சிரித்தது.

"என்னக்கா, மேகத்துல குடியேறப் போறீங்களா? இங்க இடுப்புக்கு மேல என்னிக்குத் தண்ணி வந்திருக்கு?" என்றாள் பக்கத்து வீட்டு ரொகாயா.

கல்சோம் தச்சரிடம் இன்னும் இரண்டு படி கூட்டச் சொன்னாள்.

அந்த டிசம்பரில் வெள்ளம் கூரைகளை மூழ்கடித்தது. ரொகாயா, பிள்ளைகள், கோழிகள் என்று மொத்த ஊரும் கல்சோமின் வீட்டில் ஏறிக்கொண்டது. தண்ணீர் வடியும்வரை அவள்தான் எல்லோருக்கும் சோறும் கருவாடும் போட்டாள்.

பிறகு மாவட்ட அதிகாரி பாராட்ட வந்தார்.

"ஒரு உசிருகூடப் போகலையே! இவ்வளவு பெரிய வெள்ளம் வரும்னு உங்களுக்கு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"வெள்ளமா? அதெல்லாம் எனக்கென்ன தெரியும், ஐயா! இந்த ரொகாயா தினமும் விடிஞ்சதும் வந்து உக்காந்து, மத்தியானம்வரைக்கும் ஊர்வம்பு பேசுவா. அவளுக்கு முட்டிவலி. ஏற முடியாதுன்னுதான் இவ்வளவு உசரமா கட்டினேன்."

எல்லோரும் ரொகாயாவைப் பார்த்தார்கள். அவள் முகம் மலர்ந்தது.

"ஏறி இறங்கி இப்ப நல்லாப் பழகிடுச்சுக்கா! நாளைக்குக் காலையில வந்துடறேன்."