மூணாம் குரு வாசல்

"என் பிள்ளைக்கு என்ன பாட்டு சொல்லிக் குடுத்தீய டீச்சர்?"

பள்ளிக் கமிட்டித் தலைவரும் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியுமான நவநீதகிருஷ்ணன் வகுப்பு வாசலிலேயே நின்று கேட்டார். ஜூனில்தான் வேலைக்குச் சேர்ந்த இவாஞ்சலின் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள்.

"சீக்கியக் குருமார் வரலாறு சார். பிள்ளைகளுக்கு மனசுல நிக்கட்டும்னு நானே கட்டுனேன்."

"சொல்லுங்க, கேப்போம்."

அவள் மெல்லச் சொன்னாள்.

"மூணாம் குரு வாசலிலே
பாதுஷா வந்தாலும் தரையிலே;
பக்கத்துல ஆண்டி உக்காந்தாத்தான்
பருப்பும் ரொட்டியும் இலையிலே."

"இதைப் பிடிச்சுக்கிட்டு ஜெயப்பிரியா ரெண்டு நாளாச் சாப்பிடல. வீட்டுல பாத்திரம் தேய்க்கவளையும் பக்கத்துல உக்கார வச்சாத்தான் சோத்துல கை வைப்பாளாம். பதினெட்டு வருசமாப் பின்வாசல்ல சாப்பிடுதவ அவ."

"அப்புறம் சார்?"

"வேற வழி? இன்னைக்கு மத்தியானம் உக்கார வச்சோம். இனிமே இந்தப் பாட்டு கேட்டுச்சுன்னா உங்களுக்கு இங்கன வேலை இருக்காது."

"சரி சார்," என்றாள் அவள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தபோது, சாம்பல் ஏறிய கையைச் சேலையில் துடைத்தபடி அம்மா எதிரே வந்தாள்.

"ஏட்டி, இன்னைக்கு முதலாளி வீட்டு நடுவீட்டுல எனக்கு இலை போட்டாவ. நாளைக்கும் அங்கனதான் உக்காரணும்னு அந்தப் பிள்ளை பிடிவாதம் பிடிக்கு. பயத்துல எனக்கு ஒரு வாய் சோறு இறங்கலட்டி."