பத்துமலையின் சப்பாத்து

மாரியம்மன்மேல் சத்தியம், இதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

எழுபத்தெட்டில் ஈப்போவில் ஒரு கம்பெனிக்குக் கணக்கெழுதக் கிராணி தேவைப்பட்டது. ஒரு வேலைக்கு நூறு பேர். இனி ரப்பர் மரம் சீவுவதில்லை என்று நான் முடிவெடுத்திருந்தேன். காலுக்குத்தான் சப்பாத்து இல்லை. பக்கத்து வீட்டு முத்தம்மா அக்கா, செத்துப்போன தன் கணவர் பத்துமலையின் கறுப்புச் சப்பாத்தைக் கொடுத்தார்.

“இதப் போட்டுக்கிட்டு அவரு ஏறாத ஆபீஸ் இல்ல. நீயாச்சும் வேலையோட வா லா.”

இன்டர்வியூவில் என் முறை வந்ததும், தோட்டத்துத் துரை பங்களாவில் செய்கிற பழக்கத்தில், சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனேன். மேனேஜர் லியாகத் அலி என் வெறுங்காலைப் பார்த்தார்.

“சப்பாத்து எங்கப்பா?”

“வெளியில இருக்கு சார். வேலை குடுங்க, நாளைக்கு உள்ளயே போட்டுக்கிட்டு வாரேன்.”

சிரித்தார். வேலையும் கொடுத்தார்.

திரும்பி வந்தால் வாசலில் சப்பாத்து இல்லை. காத்திருப்பவர்களின் வரிசையில் ஒரு காலி நாற்காலிக்கு முன்னால், யாரோ உட்கார்ந்திருப்பதுபோல, ஜோடியாக இருந்தது.

“வேலை எனக்குக் கெடச்சிருச்சு அண்ணே, வாங்க போலாம்” என்றேன். இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தேன். அசையவில்லை. வெறுங்காலோடு பஸ் ஏறினேன்.

பத்துமலை அண்ணனை எரித்தபோது அந்தச் சப்பாத்தைப் போட்டுத்தான் எரித்தோம். நாடாவைக் கட்டிவிட்டவன் நான்.