முதுகுக்கு வார்த்த சீட்

பெண்டாட்டி தோளில் கைபோட்டபடி பட்டறைக்குள் வந்த பந்தய ஓட்டுநரைப் பார்த்ததும், சீட் மேஸ்திரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் இந்தக் கொஞ்சலா என்று கேலி பண்ண வாயெடுத்தவர், எதற்கு வம்பு என்று விழுங்கிக்கொண்டார்.

"எனக்கு ஒரு சீட் வார்க்கணும்ண்ணே. இளைச்சுட்டேன், பழசு சேராது" என்றான் அவன்.

கரும்பு தின்னக் கூலி கேட்பாரா மேஸ்திரி? மாதக்கணக்காக அந்தப் பட்டறையில் இழவு வீட்டுக் களைதான். ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஓயாமல் ஓடும் பந்தயத்துக்கென்றே அவர்கள் கட்டிய ஒரே கார், ஒரு பந்தயத்தையும் பார்க்காமல் படுதாவுக்குள் கிடந்தது. முறை மாற்றி ஓட்டவேண்டிய மூவரில் மற்ற இரண்டு பேரும் கற்றுக்குட்டிகள். கை தேர்ந்த இவனோ முதுகுவலி என்று போனவன், போனவன்தான். இவன் இல்லாமல் காரை அனுப்பமாட்டேன், நாளைக்கே பிரித்து விற்றுவிடுகிறேன் என்று முதலாளி கறாராகச் சொல்லிவிட்டார்.

படுதாவை விலக்கி அவனைக் காருக்குள் உட்கார வைத்தார்கள். கால் இரண்டையும் அவள்தான் ஒவ்வொன்றாகத் தூக்கி உள்ளே வைத்தாள். ரொம்பத்தான் செல்லம் என்று மேஸ்திரி இந்தத் தடவை சொல்லியே விட்டார். அவள் சிரிக்கவில்லை.

அவன் முதுகுக்குப் பின்னால் பெரிய பிளாஸ்டிக் பையைச் செருகி, நுரை வார்க்கும் மருந்து இரண்டைக் கலந்து அதற்குள் ஊற்றினார் மேஸ்திரி. அது வெதுவெதுவென்று நுரைத்துப் பொங்கி, முதுகின் மேடுபள்ளத்தையெல்லாம் பிடித்துக்கொண்டு இறுகும். அதுவரை அசையக் கூடாது. அவன் ஸ்டியரிங்கையே பார்த்தபடி கிடந்தான்.

"இடுப்புகிட்ட நல்லாப் பிடிப்பா இருக்கட்டும்ண்ணே. நாள் முழுக்க உக்காந்தாலும் புண்ணாகக் கூடாது."

மேஸ்திரி சிரித்தார். "பந்தயம்தான்ப்பா நாள் முழுக்க. உன் முறை மூணு மணி நேரம், அப்புறம் அடுத்தவன் ஏறிடுவான். அதுக்குள்ள மறந்துட்டியா?"

"மறக்கலண்ணே."

நுரை இறுகும்வரை மேஸ்திரிக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாசல் பக்கம் போய் முதலாளிக்குப் போன் போட்டார். ஆள் வந்தாச்சு, சீட்டும் வார்த்தாச்சு, பந்தயத்துக்குப் பேரைக் கொடுத்துடுங்க என்று மூச்சுவிடாமல் சொன்னார். அப்படியானால் காரைப் பிரிக்க வேண்டாம், இதோ வருகிறேன் என்றார் முதலாளி.

துக்கம் கேட்க வந்தவர் மாதிரி மூலையில் குந்தியிருந்த டயர்க்காரர், இதைக் கேட்டதும் எழுந்து புது டயர்களை உருட்டிக்கொண்டு வந்தார். மேஸ்திரிக்குக் கண் கலங்கிவிட்டது. வெளியே சொன்னால் வெட்கம், அவர் அந்தக் காரைப் பெற்ற பிள்ளை மாதிரிதான் நினைத்திருந்தார்.

திரும்பி வந்து விரலால் அழுத்திப் பார்த்தார். சீட் கல்லாக இறுகியிருந்தது. பெல்ட் வரும் இடத்தில் துளைக்குக் குறிபோட வேண்டும் என்று சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு குனிந்தார்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் மெல்ல அந்தச் சாக்குக்கட்டியை மேஸ்திரியிடமிருந்து வாங்கிக்கொண்டு சொன்னாள்.

"வீல்சேர் வெளிய வேன்ல இருக்குண்ணே. அதுக்கு அளவா வெட்டிக் குடுங்க."