பத்து மணி மாத்திரை

முதலாளியின் காலை மீட்டிங் பத்து மணிக்குத் தொடங்கும். எப்போது முடியும் என்பது அவருடைய தொண்டைக்கே தெரியாது. அவருடைய பி.ஏ.வுக்கோ பதினொன்றரைக்கு மகளின் பள்ளியில் அட்மிஷன் நேர்காணல். அம்மா போகாவிட்டால் இடம் போய்விடும்.

"சார், மாத்திரை போட்டீங்களா?"

"மறந்துட்டேன். ஒரு நாள் விட்டா என்ன, குடியா முழுகிப்போயிடும்?"

"கிட்னியைக் காப்பாத்தற மாத்திரை சார். உங்களுக்குப் பல வருஷமா சர்க்கரை. ஒரு நாளும் விடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே." தண்ணீர் டம்ளரையும் நீட்டினாள்.

முதலாளி மாத்திரையை வாயில் போட்டு விழுங்கினார். "பெத்த பிள்ளைங்களுக்குக்கூட என் மேல இந்த அக்கறை இல்லைம்மா."

மீட்டிங் தொடங்கியது. "நான் ஒற்றை மேஜையோடு இந்தக் கம்பெனியை ஆரம்பித்தபோது..." என்று எடுத்தார். பத்தொன்பது பேர் மனத்தைக் கல்லாக்கிக்கொண்டார்கள். அவள் மட்டும் நிம்மதியாகக் கைப்பையை மூடினாள்.

இரண்டாவது மேஜை வாங்கிய கட்டத்தில் முதலாளி சட்டென்று எழுந்தார். "சுருக்கமாகப் பேசுவதே தலைவனுக்கு அழகு. இத்துடன் முடிக்கிறேன்!" கம்பீரமாகத்தான் கிளம்பினார், வராந்தா திரும்பியதும் நடை ஓட்டமானது.

கணக்குப் பிரிவு மேலாளர் அவள் பின்னாலேயே படியிறங்கி வந்தார். "ஒரு மாசமா பாக்கறேன், மனுஷன் அரை மணிக்கு மேல பேசறதில்லை. என்னம்மா மந்திரம் போட்டீங்க?"

"நான் என்ன போட்டேன் சார்? அந்த மாத்திரை சர்க்கரையை ஒண்ணுக்குல இறக்கிவிடும். அடிக்கடி எழுந்து போகணும்."

மேலாளர் படியிலேயே நின்றுவிட்டார்.

"அடடா! எங்க மாமனாரும் பேச ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு, ஆனா அவருக்குச் சர்க்கரையே இல்லையே!"