தெருவிளக்கை மறைக்கும் கண்ணாடி

மலையுச்சியில் மெர்லின் தன் கலர் கேமராவைத் தொலைநோக்கியில் பொருத்திவிட்டு, எந்த ஃபில்டர் சரிப்படும் என்று ஒவ்வொன்றாக மாட்டிப் படமெடுத்துக்கொண்டிருந்தாள். கடைசியாகக் கையில் எடுத்தது நகரத்து மொட்டைமாடிக்காக வாங்கியது. சோடியம் விளக்குகளின் மஞ்சள் ஒளியை மட்டும் அது தடுத்துவிடும்; எல்லா நிறமும் கலந்த நட்சத்திர ஒளி அதைத் தாண்டி வந்துவிடும்.

"கரண்டே வராத மலையில தெருவிளக்க மறைக்கப் போறியாக்கும்?" என்று தம்பி ஜோயல் சிரித்தான்.

"ஒப்பிட்டுப் பாக்கத்தான்டா. வாய மூடிட்டு டார்ச்சப் பிடி."

படம் திரையில் வந்தது. எல்லா நட்சத்திரங்களும் இருந்தன, நடுவிலிருந்த ஒன்றைத் தவிர. ஃபில்டரைக் கழற்றிவிட்டுப் படமெடுத்தாள். அந்த நட்சத்திரம் மஞ்சளாக மின்னியது. மறுபடியும் மாட்டினாள். அந்த இடம் கருப்பாகக் கிடந்தது.

"ஏதாவது பிளேனா இருக்கும்க்கா."

"இருட்டினதுலேருந்து மத்த நட்சத்திரங்களோட சேந்துதான் நகருது."

ஜோயலின் சிரிப்பு நின்றது. "அப்போ அது விளக்கா? அங்க யாரு ஏத்தினது?"

மெர்லின் அவன் கையிலிருந்த டார்ச்சைப் பிடுங்கி அணைத்தாள்.

"நமக்கு அது தெரியுதுன்னா, அவங்களுக்கும் நாம தெரிவோம்ல" என்றாள், யாரோ பக்கத்தில் இருப்பதுபோல் தணிந்த குரலில்.

எல்லாவற்றையும் தடவித் தடவியே மூட்டை கட்டினார்கள். இறங்கும் பாதை முழுக்கக் கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் பாதாளம். ஜோயல் வண்டியைக் கிளப்பினான். ஹெட்லைட்டைப் போடப் போன அவன் கையை மெர்லின் இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. வண்டி இருட்டில் மெல்ல உருளத் தொடங்கியது.